வட்டமாக இல்லாத பிஸ்டன்!

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால், வழியெங்கும் கார், லாரி, பைக் தொழிற்சாலைகள். அந்த வண்டிகளின் இன்ஜினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் முழு வட்டம் இல்லை, தெரியுமா?

ஆரம்பகால கார்களில் வார்ப்பிரும்பு பிஸ்டன்தான். கனம் அதிகம் என்பதால் இன்ஜினை வேகமாகச் சுழலவிட முடியாது. 1913-ல் பிரான்ஸின் டி.எஃப்.பி. கார் தொழிற்சாலைக்குப் போன டபிள்யூ.ஓ.பென்ட்லி, அங்கே ஓர் அலுமினிய பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். அதே உலோகத்தில் பிஸ்டன் செய்யலாமே என்று தோன்றியது. 12 சதவிகிதம் செம்பு கலந்து செய்தார்கள். கார் பறந்தது!

ஆனால், சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். சிலிண்டருக்குள் இடைவெளி அதிகம் விட்டால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 'டக டக' சத்தம். குறைத்தால், சூட்டில் இறுகி 'ஜாம்' ஆகிவிடும். பல வழிகளை முயன்றார்கள். அவற்றில் நிலைத்தது, பிஸ்டனை மிக லேசான நீள்வட்டமாகக் கடைவது. சூடேறி விரியும்போது அது வட்டத்தை நெருங்கிவிடும்.

அதனால் காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். முதல் சில நிமிடங்கள் நிதானமாக ஓட்டுங்கள். பிஸ்டன் தன் வடிவத்துக்கு வரட்டும். இன்ஜின் நீண்ட நாள் உழைக்கும்!