சிலந்தி இருக்கும் வயலுக்கு மருந்து ஏன்?

நெல் வயலில் பூச்சி என்று எதைக் கண்டாலும் உடனே தெளிப்பானைத் தோளில் மாட்டிக் கொள்வது நம்மில் பலருக்கு வழக்கமாகி விட்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே மருந்து. அவர் சொல்வதே அளவு. வயலில் உள்ள பூச்சிகளில் பயிரைத் தின்பவை சிலவே. அவற்றைத் தின்று வாழ்பவைதான் பல வகை. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

புகையானையே எடுத்துக் கொள்வோம். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி இது. முற்றினால் பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்து சாய்ந்து விடும். ஆனால் எல்லா வயலிலும், எல்லாப் போகத்திலும் இது பெருகுவதில்லை. அதே தூரில் ஓடித் திரியும் சிலந்தி புகையானைப் பிடித்துத் தின்கிறது. மிரிட் நாவாய்ப்பூச்சி என்னும் சிறிய பச்சைப் பூச்சி அதன் முட்டையை உறிஞ்சி அழிக்கிறது. மருந்து பட்டால் இவை மடிகின்றன. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அது பொரித்து வெளிவரும்போது தடுக்க ஆள் இல்லை. “மருந்து அடித்த பிறகுதான் பூச்சி அதிகமாச்சு” என்று விவசாயிகள் சொல்வது வீண் பேச்சு அல்ல.

இந்தோனேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்கே பூச்சிமருந்துக்கு அரசே மானியம் அள்ளிக் கொடுத்தது. அப்படியும் லட்சக்கணக்கான ஏக்கர் புகையானுக்குப் பலியாயிற்று. 1986-ல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். 1989-க்குள் மானியத்தையும் நிறுத்தினார்கள். நெல் உற்பத்தி குறையவில்லை; கூடியது.

பூச்சிக்கு மட்டுமல்ல, குட்டை ஓரத்துப் புல்லுக்கும் மதிப்பு உண்டு. புகையான் பரப்பும் புல்குட்டை நோய் வந்தால் பயிர் புல்போல் குட்டையாகிக் கதிர் வராது. இதைத் தாங்கும் நெல்லைத் தேடிப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சோதித்தார்கள். கிடைத்தது ஒன்றே ஒன்று: உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். களை என்று பிடுங்கி எறியக் கூடியது. அதன் குணத்தை ஏற்றித்தான் 1976-ல் ஐ.ஆர். 36 வந்தது. பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றால் யானை, புலி என்றே மேடைகளில் பேசுகிறார்கள். அரை ஏக்கர்காரருக்கு அது வரப்பிலேயே இருக்கிறது.

மருந்தே கூடாது என்பதல்ல நம் வாதம். எண்ணிப் பார்த்து அடியுங்கள் என்பதே. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 புகையான் வரும்வரை பொறுக்கலாம். இது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அப்போதும் செயற்கைப் பைரித்ராய்டு, குயினால்பாஸ் போன்றவை வேண்டாம். அவை புகையானைப் பெருக்கி விடும். முதலில் தண்ணீரை வடித்துப் பாருங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி விடுவது நல்லது.

வரப்பில் எலி வளை இருந்தால் வெட்டிச் சரி செய்யுங்கள். ஆனால் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்க வேண்டாம். உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றலாம். அறுவடை முடிந்த பின் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் ஒதுங்க வேறு இடம் கிடையாது.