‘முடிங்க’ அட்டை!



ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ரெண்டு ஃபேக்டரி காம்பவுண்டுக்கு நடுவுல எங்க காலேஜ். போன வருஷ கல்ச்சுரல்ஸ்ல எனக்குக் கிடைச்ச பெரிய பதவி, மேடைக்கு முன்னால நின்னு அட்டை காட்டறது. ‘5 நிமிஷம்’, ‘1 நிமிஷம்’, ‘முடிங்க’. மொத்தம் மூணு அட்டை.

அன்னிக்கு டி.ஜே.வுக்கு முன்னால தோல்பாவைக்கூத்து. கொடுத்த டைம் 15 நிமிஷம். ஒரு வெள்ளைத் திரை, பின்னால விளக்கு, ஒரே ஒரு பெரியவர். ராமரும் அவர்தான், ராவணனும் அவர்தான், காமெடி பண்ற உச்சிக்குடும்பன், உளுவத்தலையனும் அவரேதான். வீட்டம்மா ஹார்மோனியம், பையன் மிருதங்கம். செல்போனை நோண்டிட்டு இருந்த கூட்டம் உளுவத்தலையனுக்குச் சிரிக்க ஆரம்பிச்ச நேரம்... நான் ‘முடிங்க’ அட்டையைத் தூக்கினேன். திரைக்குப் பின்னால இருக்கறவருக்கு அது எப்படித் தெரியும்? ஓடிப் போய் நேர்லயே காட்டினேன். ஒரு செகண்ட் என்னைப் பார்த்தார். ராவணன் பாதி வசனத்துல அப்படியே கீழே சாய்ஞ்சான்.

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இதை ஆடற மண்டிகர் சமூகத்துக்காரங்க வீட்டுல பேசறது மராத்தி, திரைக்குப் பின்னால பேசறது தமிழ். ஆட்டுத்தோலைச் சுத்தம் பண்ணி, காய வெச்சு, உளியால ஓட்டை போட்டு, சாயம் பூசினா பாவை ரெடி. அந்த ஓட்டை வழியா வர்ற வெளிச்சம்தான் சீதையோட நகை! ராமாயணத்தையே பத்து ராத்திரி நடத்துவாங்களாம். நாங்க கொடுத்தது 15 நிமிஷம்!

போன வாரம் ஹாஸ்டல்ல ஒரு சீனக் கச்சேரி வீடியோ மாட்டுச்சு. ஷான்ஷி மாகாணத்துல ஹுவா மலையடிவாரத்துல இருக்கிற ஹுவாயின் ஊர் நிழல்பாவைக் குழு. நிழல்பாவைக்கான அவங்க பாட்டை, ஜாங் குடும்பம் தலைமுறை தலைமுறையா வீட்டுக்குள்ளயே காப்பாத்தி வந்திருக்கு. குழுவுல அஞ்சு பேர். ஒருத்தர் ஒரு தந்தி வாத்தியத்தை மீட்டிக்கிட்டே எல்லாப் பாத்திரத்துக்கும் பாடுவார். ஒருத்தர் பாவை ஆட்டுவார். ஒரு கட்டத்துல ஒருத்தர் மர பெஞ்சைத் தூக்கிக் கட்டையால ‘டமால் டமால்’னு அடிப்பார் பாருங்க... மெக்கானிக்கல் லேப்லகூட அந்தச் சத்தம் கேட்டதில்லை!

நம்ம வீணை மாதிரியே பிபா அவங்களோட தந்தி வாத்தியம். பேரிக்கா வடிவம், நாலு தந்தி, நிமிர்த்தி வெச்சு வாசிப்பாங்க. அதுல உலகப் புகழ் பெற்ற வூ மான், 2009-ல இந்தக் கிராமத்துக் கலைஞர்களோட நியூயார்க் கார்னகி ஹால் மேடை ஏறினாங்க. 2011-ல சீன நிழல்பாவைக்கூத்து யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. 2016-ல சீனப் புத்தாண்டு டி.வி. நிகழ்ச்சியில ராக் பாடகி டான் வெய்வெய்யோட ஹுவாயின்காரங்க பாட, அந்த நாடே ஆடுச்சு.

ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. பெரிய மேடைகள்ல பாட்டுக்காரங்க திரைக்கு முன்னால வந்துட்டாங்க. பல நிகழ்ச்சிகள்ல பாவையே இல்லை! பாட்டு ஜெயிச்சுது, நிழல் தோத்துடுச்சு.

நம்ம ஊர்ல இது உல்டா ஆயிடுமோனு பயமா இருக்கு. பாவைகளை மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வெச்சுடலாம். பத்து குரல்ல மாத்தி மாத்திப் பேசற தொண்டையை எங்க வைக்கிறது? உட்கார்ந்து கேட்கிற கூட்டம் இருந்தாதான் பையன் அப்பாகிட்ட கத்துப்பான். 15 நிமிஷத்துக்காக யார் பத்து ராத்திரிக் கதையை மனப்பாடம் பண்ணுவாங்க?

இந்த வருஷம் கல்ச்சுரல்ஸ் கமிட்டியில நானும் இருக்கேன். அதே பெரியவருக்கு ஒரு மணி நேரம் கேட்டிருக்கேன். ‘பசங்க உட்கார மாட்டாங்கடா’ங்கிறாங்க சீனியர்ஸ். உளுவத்தலையன் பார்த்துப்பான்னு சொல்லியிருக்கேன்.

‘முடிங்க’ அட்டை மட்டும் என் ரூம் பெட்டியில பூட்டி வெச்சாச்சு. சாவி என்கிட்ட!