சென்சரை மாற்றும் வியாதி

"யூரியா லைட் எரிஞ்சா சென்சர் போச்சுன்னு அர்த்தம்." கல்குவாரி, கிரஷர், சாலை வேலை என்று டிப்பரும் பொக்லைனும் ஓடும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கிறது. ஸ்கேனரைச் சொருகுவார்கள். திரையில் ஒரு சென்சரின் பெயர் வரும். உடனே பார்ட்ஸ் கடைக்குப் போன் போகும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்துப் புதுசு மாட்டி வண்டியை அனுப்பினால் நாலு நாளில் அதே லைட். அப்போதும் நம்பிக்கை அசையாது; "புது சென்சரே டூப்ளிகேட்" என்பார்கள்.

ஹைட்ராலிக் பம்ப் வீக் என்று ஆபரேட்டர் சொன்னால், கேஜ் மாட்டிப் பிரஷர் பார்க்காமல் பம்பை இறக்கும் ஃபோர்மேன் நம் ஊரில் கிடையாது. அவ்வளவு தேர்ந்த ஆள், யூரியா சிஸ்டம் என்றதும் மல்டிமீட்டரைக்கூடக் கையில் எடுப்பதில்லை. லாரிகளுக்கு 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தது. கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் கட்ட விதியும் 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டமும் வந்தன. இனியும் இதைப் 'புதுசு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஸ்கேனர் சொல்வதை முழுதாகப் படிப்பதில்லை என்பதே என் முதல் குற்றச்சாட்டு. கனரக டீசல் எஞ்சின்களின் எரர் கோடில் இரண்டு எண்கள் இருக்கும். எஸ்பிஎன் என்பது எதைப் பற்றிய புகார் என்று சொல்லும். எஃப்எம்ஐ என்பது என்ன புகார் என்று சொல்லும். எஸ்பிஎன் 3364 என்றால் டேங்கில் உள்ள யூரியாக் கரைசலின் தரம். அதோடு எஃப்எம்ஐ 1 அல்லது 18 வந்தால், சென்சர் ஒழுங்காக அளந்து, கரைசல் நீர்த்திருக்கிறது என்கிறது. 3 அல்லது 4 என்றால் வோல்டேஜ் கூடுதல், குறைவு. ஒயரைப் பார்க்க வேண்டும். 9 என்றால் சென்சரிடமிருந்து தகவல் நேரத்துக்கு வரவில்லை. கரண்ட், எர்த், கேன் லைன் (சென்சரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடி) மூன்றையும் பார்க்க வேண்டும். 12 வந்தால்தான் சென்சர் மேலேயே நேரடியாகச் சந்தேகம் விழுகிறது. இத்தனைக்கும் ஒரே மருந்தாகப் புது சென்சர் எழுதிக் கொடுப்பவரை மெக்கானிக் என்று எப்படி அழைப்பது?

கரைசல் நீர்த்திருக்கிறது என்ற புகாரையே எடுத்துக்கொள்வோம். கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். பெரும்பாலான டேங்க் சென்சர்கள் கரைசலுக்குள் ஒலி அலையை அனுப்பி, அது போய்த் திரும்பும் வேகத்தையும் வெப்பத்தையும் வைத்து அடர்த்தியைக் கணக்கிடுகின்றன. வெறும் தண்ணீரைவிட யூரியாக் கரைசலில் ஒலி வேகமாகப் போகும். குறுக்கே காற்றுக் குமிழி வந்தால் கணக்கு கெடும். கேனிலிருந்து சளசளவென்று ஊற்றிய கையோடு வண்டியைக் கிளப்பினால் எரர் வந்து, பிறகு தானாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரைசல் உண்மையிலேயே நீர்த்ததா என்று தெரிந்துகொள்ள ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவி போதும். இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சதவீதம் தெரியும். 31.8க்கும் 33.2க்கும் இடையில் இருக்க வேண்டும். 25 என்று காட்டினால் சென்சர் சொன்னது உண்மை. யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள், அல்லது கேன் வெயிலில் கிடந்து கெட்டிருக்கிறது. மைனஸ் 11 டிகிரியில் கரைசல் உறையும் என்று குளிர்நாட்டுக்காரன் கவலைப்படட்டும். நம் கவலை வேறு. 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் சரக்கு 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். தகரக் கொட்டகைக்குள் வைத்த கேனுக்கு அதுவும் சந்தேகம்.

அளவு 32.5 காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம். வயலுக்குப் போடும் மானிய யூரியாவைக் கரைத்து விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு 2015 முதல் வேப்ப எண்ணெய்ப் பூச்சு கட்டாயம். அதையும் சரியான அளவில் கரைத்தால் ரிஃப்ராக்டோமீட்டர் ஏமாறும், டேங்க் சென்சரும் ஏமாறும். இரண்டும் அடர்த்தியைத்தான் பார்க்கின்றன; எண்ணெயையும் சுண்ணாம்புச் சத்தையும் பார்ப்பதில்லை. அந்த அழுக்கு இன்ஜெக்டரை அடைத்து, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்டைக் கெடுத்து, கடைசியில் வேறு ஒரு எரராக வெளியே வரும். அப்போது மாற்றப்படுவது, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சர்.

நாக்ஸ் சென்சர் பாவம். சைலன்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சென்சருக்கு நாக்ஸையும் அம்மோனியாவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. யூரியா அதிகமாகப் பீய்ச்சினாலோ, கேட்டலிஸ்ட் களைத்துப்போனாலோ யூரியாவிலிருந்து பிறந்த அம்மோனியாவில் மிச்சம் வெளியே வரும். அதையும் அது நாக்ஸ் என்றே எண்ணிச் சொல்லும். இதற்குச் சோதனை உண்டு. யூரியா பீய்ச்சுவதை ஸ்கேனர் வழியே நிறுத்தி, தேங்கிய அம்மோனியா தீரும்வரை எஞ்சினைச் சூடாக ஓட்டினால், கேட்டலிஸ்டுக்கு முன்னால் உள்ள நாக்ஸ் சென்சரும் பின்னால் உள்ளதும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டு சென்சரும் நல்லவை. இதைச் செய்யாமல் முப்பதாயிரத்துக்கு பில் போடுவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி கப்ளர். யூரியாக் கரைசல் சிறு இடுக்கிலும் ஊர்ந்து ஏறும், செம்பை அரிக்கும். டேங்க் மேலுள்ள கப்ளரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். வெள்ளையாகப் படிகம் பூத்திருந்தால், ஒயர் தோலுக்குள்ளே பச்சை பிடித்திருந்தால், புது சென்சரும் அதே அழுகல் கப்ளரில்தான் போய்ச் சேரப்போகிறது. படிகம் வெந்நீரில் கரையும். அரித்த பின்னை மாற்றத்தான் வேண்டும். பேட்டரியை ஆஃப் செய்து கேன் லைன் இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையின் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது லைன் எங்கோ அறுந்திருக்கிறது. இதற்கு ஆகும் செலவு ஒரு டீ குடிக்கும் நேரம்.

சென்சர் கெடவே கெடாது என்று நான் வாதாடவில்லை. நாக்ஸ் சென்சரின் பீங்கான் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விடும். டேங்க் சென்சருக்குள் கரைசல் புகுந்தால் கதை முடிந்தது. மணிக்கணக்கு வாடகைக்கு ஓடும் இயந்திரத்தைப் பவர் குறைந்து நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. அந்த அவசரமும் புரிகிறது. பக்கத்தில் அதே மாடல் வண்டி நின்றால் சென்சரை மாற்றி மாட்டிப் பாருங்கள். எரர் சென்சரோடு கூடவே போனால் தாராளமாகப் புதுசு வாங்கலாம்.

சலித்துப்போனவர்கள் கடைசியில் எமுலேட்டர் பெட்டியிடம் போகிறார்கள். யூரியாவே ஊற்றாமல் எல்லாம் சரி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும் பெட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், விதிக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெட்டியை விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

பழுதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர்கூட ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார். கேட்டலிஸ்டின் செயல்திறன் குறைவு என்ற எரர், சாவியைத் திருப்பி அணைத்தால் போகாது. யூரியா அம்மோனியாவாக மாறச் சுமார் 200 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஓடி, கம்ப்யூட்டர் தானே அளந்து திருப்தி அடைய வேண்டும். ஷெட்டுக்குள் அரைமணி நேரம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு, "பாருங்க, இன்னும் லைட் போகல" என்று சொல்லும் இடத்தில்தான் இரண்டாவது சென்சருக்கு ஆர்டர் போகிறது. போனைக் கீழே வைத்துவிட்டு, லோடு ஏற்றி ஒரு மேடு ஏறிவரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எரிந்தால் பேசலாம்.