இரண்டு டஃப் பேப்பருக்கு மேல் வேண்டாம்

நான்காம் செமஸ்டர் முடிந்து அடுத்த பதிவுக்கான படிவம் கைக்கு வரும் நாட்களில், சேலம், நாமக்கல் மாவட்டப் பொறியியல் மாணவர்கள் மீது கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆனர்ஸ் போடுகிறாயா, மைனரா? என்பிடெல் இணையப் பாடங்களில் எத்தனை? அரசின் ‘நான் முதல்வன்’ திட்டக் கோர்ஸ் வேறு தனியாக வந்து சேரும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் கெட்டிக்காரன். யோசித்துச் சொல்கிறேன் என்பவனுக்குச் சோம்பேறி என்று பெயர். ஐந்தாம் செமஸ்டரிலிருந்து கூடுதலாக 18 கிரெடிட் படித்து ஆனர்ஸ் அல்லது மைனர் பெற அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அடிப்படைப் பாடங்களை இடறாமல் முடித்தவருக்கு வைத்த அந்தப் பந்தியில் வகுப்பு முழுவதையும் உட்காரவைப்பதுதான் கோளாறு.

ஒரு செமஸ்டருக்கு டஃப் பேப்பர் இரண்டு போதும் என்பது நமது நிலை. கணக்கு அடியில் ஓடுகிற, முந்தைய பாடம் புரியாவிட்டால் உள்ளே நுழையவே முடியாத, லேபும் சேர்ந்த பாடங்களைத்தான் டஃப் என்கிறோம். கட்டாயப் பாடங்களும் இந்த இரண்டில் அடக்கம். கணினி அறிவியல் ஐந்தாம் செமஸ்டரில் நெட்வொர்க்ஸும் கம்பைலர் டிசைனும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பருவத்தில் எலெக்டிவிலும் கடினமானதையே தேடி எடுப்பது வீரம் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023இல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. வகுப்பு, லேப், வீட்டில் படிப்பது எல்லாம் அதில் அடங்கும். ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் பட்டத்துக்கு 160 கிரெடிட், செமஸ்டருக்கு 20. அதாவது 600 மணி நேரம். பதினைந்து வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதன் மேல் மூன்று கிரெடிட் பாடம் இரண்டு ஏற்றினால் 52. ஆத்தூரிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் விடிகாலையில் கல்லூரி பஸ் ஏறி, பொழுது சாய்ந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும். இல்லாவிட்டால் கட்டாயப் பாடத்திலிருந்து வரும்.

கிரெடிட் எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். லேபில் அதே ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். ரெக்கார்ட் நோட்டு எழுதும் இரவுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தாளில் சமமாகத் தெரியும் இரண்டு பாடங்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு நேரம் தின்னும்; இது சீனியர்களுக்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது.

இந்த வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிப் பழக்கமும் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளை நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலம் மறந்துவிடவில்லை. விடிவதற்கு முன் எழுப்பி, இரவு வரை உட்காரவைத்து, பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் முறை மாநிலத்தில் பரவலாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்தது. (இப்போது அந்தத் தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது, பழைய வழக்கம் திரும்பாதிருக்க வேண்டும்.) தாண்டிப்போன கால்குலஸும் மெக்கானிக்ஸும் பொறியியல் முதலாண்டில் எதிரே வந்து நின்றன. நேரத்தைக் கூட்டினால் எதையும் ஏற்றிக்கொள்ளலாம் என்ற அந்த நம்பிக்கைதான் இன்று கல்லூரியில் ‘இன்னும் ஒரு கோர்ஸ்’ என்ற பெயரில் தொடர்கிறது.

பெற்றோர் தரப்பு நியாயத்தையும் தள்ள முடியாது. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் ஃபீஸ் கட்டுகிறவர், கட்டிய பணத்துக்குக் கூடுதலாக ஒரு சான்றிதழ் கிடைக்கிறது என்றால் ஏன் விடுவார்? ஆனால் வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பல முதலில் கேட்பது அரியர் உண்டா, சி.ஜி.பி.ஏ. எவ்வளவு என்பதைத்தான். பிறகு ஒரு தேர்வு, ஒரு நேர்காணல். அங்கே ஒரு பாடத்தை அடிவரை தெரிந்தவன் பேசுகிறான். ஆறு சான்றிதழ் வைத்திருப்பவன் ஃபைலைப் புரட்டுகிறான். அரியர் எவ்வளவு பெரிய சுமை என்பது 2020 ஆகஸ்டில் நாடறியத் தெரிந்தது. இதே சேலம் மாவட்டத்திலிருந்து சென்ற அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கட்டணம் செலுத்தியவர்களின் அரியர்கள் தேர்ச்சியாகக் கொள்ளப்படும் என்று அறிவித்தபோது ஊர் ஊராகக் கொண்டாட்டம். ஏ.ஐ.சி.டி.இ. ஏற்கவில்லை, உயர் நீதிமன்றமும் தேர்வு நடத்தத்தான் சொன்னது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் விரிந்த பிறகு, அங்கிருந்து முதல் தலைமுறையாக வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எந்தப் பாடம் கடினம் என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ இல்லாதவர்கள் இவர்கள். ‘உன் விருப்பம்’ என்று படிவத்தை நீட்டுவது இவர்களுக்கு உதவி ஆகாது. அந்த விருப்பமும் பல இடங்களில் பெயருக்குத்தான். எந்தப் பேப்பருக்கு ஸ்டாஃப் இருக்கிறாரோ அதுதான் எலெக்டிவ்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்புக்கு, லேபுக்கு, சொந்தப் படிப்புக்கு என்று வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என மூன்று எண்களை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். முதலாண்டு மாணவர் எடுக்கும் மொத்தத்துக்கு உச்சவரம்பும் உண்டு. திறமைக்குப் பஞ்சமில்லாத இடத்திலேயே வரம்பு இருக்கிறது. கருப்பூரிலுள்ள சேலம் அரசு பொறியியல் கல்லூரி, சோனா, திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டக் குழு அவற்றின் கையில். பதிவுக்கு முன்பே ஒவ்வொரு பாடத்தின் கடந்த இரண்டாண்டுத் தேர்ச்சி விகிதத்தையும், உண்மையில் எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்பதையும், எதைப் படித்திருந்தால் இது புரியும் என்பதையும் ஒரே தாளில் வெளியிட அவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றாவது டஃப் பேப்பர் கேட்கும் மாணவரைத் தடுக்கவும் வேண்டாம். கடந்த செமஸ்டரில் அரியர் இல்லை என்றால், ஆசிரியர் ஆலோசகருடன் ஒரு முறை உட்கார்ந்து, அதற்கு ஈடாக எதை விடுகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்ட பின் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரம் கழித்து அபராதமின்றி விலகவும் இடம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. என்பிடெல்லில் பதிவு இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம். எடுக்க நினைக்கும் பாடத்தின் முதல் நான்கு வார வீடியோக்களை செமஸ்டர் லீவிலேயே பார்த்து, அசைன்மென்ட்டைத் தானே போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் வாரத்திலேயே யூடியூபில் விடை தேட வேண்டி வந்தால், அந்தப் பாடத்தை இந்த செமஸ்டர் எடுக்காமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடலாம். ஏழாம் செமஸ்டர் வரை நேரம் இருக்கிறது.