ஆசிரியப் பயிற்சியும் புதுக்கருவிகளும்

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறுவோருள் ஆண்டுதோறும் சிலர் ஆசிரியத் தொழிலை விரும்பிப் பயிற்சிக் கல்லூரி புகுகின்றனர். அவர் ஆங்குக் கற்க வேண்டியவற்றுள் ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர், கணிப்பொறி, கைப்பேசி ஆகிய கருவிகளைக் கையாளுந் திறமும் ஒன்றாக இக்காலத்து வைக்கப்பட்டுள்ளது. இவற்றையெல்லாம் வீண் ஆடம்பரம் என்று இகழ்வார் நம்மிடையே உளர். தமிழ்நாட்டரசின் புதிய பாடநூல்களிலே 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்க, அவற்றைத் திறந்து காட்ட அறியாத ஆசிரியர் பாடநூலின் ஒரு பகுதியையே படியாதவராவர். ஆதலின் அவ்விகழ்ச்சி பொருந்தாது. ஆயினும், கருவிகளை இயக்கக் கற்றோர் அவற்றைக் கொண்டு கற்பிக்கவுங் கற்றுவிட்டனர் எனக் கொள்ளும் எண்ணமும் எமக்கு உடன்பாடன்று.

கருவி என்றதும் மின்சாரத்தால் இயங்குவதையே நினைத்தல் வேண்டா. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் அநாதைச் சிறுவர்க்கென 1789-இல் ஏற்பட்ட விடுதிப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்துமாறு பணித்தார். ஆங்கிருந்த உபாத்தியாயர் இசைந்திலர். புதுக்கருவிக்கு ஆசிரியரே தடையாய் நிற்றல் இன்று நேற்றுத் தோன்றியதன்று போலும்! பெல் அவர்கள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே கீழ்வகுப்பை ஒப்புவித்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் இலண்டனில் வெளியான அவர்தம் நூலின் வாயிலாக அப்பள்ளியின் முறை ‘மதராஸ் முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. மணலுக்கு விலையில்லை, எழுதியது பிழையாயின் கையால் தடவி அழித்துவிடலாம், எழுதும் விரலோ குழந்தையின் விரல். இக்காலத்துத் திரையுள்ள வகுப்புகள் பலவற்றில் கையசைப்பவர் ஆசிரியர் ஒருவரே.

கணிதத்திலிருந்து ஓர் உதாரணங் காட்டுவாம். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது பாடம். பயிற்சி பெறும் இளைஞர் இதற்கு அழகிய வண்ணத்திற் பத்து ஸ்லைடுகள் தீட்டிக்கொண்டு வருகின்றார். தொட்ட மாத்திரத்தில் படமும் நிரூபணமும் முழுமையாய்த் தோன்றிவிடுகின்றன. கரும்பலகையிலோ ஆசிரியர் கோடொன்று இழுப்பதற்குள் மாணாக்கனும் தன் ஏட்டில் அக்கோட்டை இழுத்துவிடுகின்றான். அடுத்த கோடு எங்கே வருமென்று நினைக்கவும் அவனுக்குப் பொழுதிருக்கின்றது. அப்பொழுதினை ஸ்லைடு கவர்ந்துகொள்கின்றது.

இனி, ஆஸ்திரிய நாட்டு மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் 2001-இல் இயற்றத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னுங் கணிப்பொறிக் கருவியை நோக்குவாம். அதில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பற்றி இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டேயிருக்கும்; கூடுதல் மட்டும் மாறாது. இதனைச் சுண்ணக்கட்டியாற் செய்து காட்டல் இயலாது. முனையை இழுக்குமுன், “கூடுதல் மிகுமா, குறையுமா?” என்று வினவி, பின்வரிசைச் சிறுவனையே அழைத்து இழுக்கச் செய்தல் வேண்டும். அதன்பின் திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகைக்கு மீளல் வேண்டும். ஆயிரம் முக்கோணங்களைக் கண்ணாற் கண்டதும் நிரூபணமாகாதன்றோ? எவ்விடத்துத் திரை வேண்டும், எவ்விடத்து வேண்டா என்னும் இத்தெளிவே பயிற்சியிற் பெறற்பாலது.

பயிற்சியை மதிப்பிடுவோருட் சிலர் ஸ்லைடுகளின் தொகையையும் நிறத்தையும் கண்டே மதிப்பெண் இடுகின்றனர். அதன் பயனை யாம் ஒரு வகுப்பில் நேரிற் கண்டோம். பாடத்தின் நடுவே மின்சாரம் நின்றது. கற்பிக்க வந்த இளம்பெண் வெறுஞ்சுவரை நோக்கியவாறே நின்றார். முன்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி சற்றுப் பொறுத்து, “டீச்சர், புத்தகத்தைப் படிக்கட்டுமா?” என்று கேட்டாள். அவ்விளம்பெண்ணின் மேற் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. திரையின்றிப் பாடம் நடத்துமாறு அவரை ஒருவருங் கேட்டதில்லை.

பயிற்சி பெறுவோர்க்கு மிகப் பயன்படுங் கருவி எதுவென எம்மை வினவின், கைப்பேசியிலுள்ள காமிராவே என்போம். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறை தோன்றியபோது, சிறு பாடமொன்றை நடத்தியவர் தாம் நடத்தியதை வீடியோவிற் கண்டு திருத்திக்கொள்ளலாயினர். அன்று அதற்கு வேண்டிய பொறிகள் பெரும்பொருட் செலவின. இன்றோ அவ்வசதி பலருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது. பிள்ளைகளின் முகம் படாமல் தம்மை நோக்கியே காமிராவை வைத்து ஏழு நிமிஷம் பாடம் நடத்திப் பார்ப்பாராக. திரையைப் பார்த்துப் பிள்ளைகட்கு எத்தனை முறை முதுகு காட்டினோம், வினா எழுப்பிய பின் எத்தனை விநாடி பொறுத்தோம் என்று எண்ணுவாராக. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார், ஆசிரியர் பலரும் ஏறத்தாழ ஒரு விநாடியே பொறுக்கின்றனர் என்றும், மூன்று விநாடி பொறுத்தவிடத்துப் பிள்ளைகளின் விடை நீண்டும் சிறந்தும் வருகின்றதென்றும் 1970-களில் ஆராய்ந்து வெளியிட்டார்.

பயிற்சிக் கல்லூரியார் ஒவ்வொரு மாணாக்கரையும் ஒரே பாடத்தைத் திரையோடு ஒருமுறையும் திரையின்றி ஒருமுறையும் நடத்தச் செய்து, இரண்டிற்கும் மதிப்பெண் இடுதல் தகும். நம் பழைய மாணவருட் பள்ளித் தலைமையாசிரியராய் விளங்குவோர்க்கும் ஒரு விண்ணப்பம்: பயிற்சிக்கு வரும் இளைஞரை முதல் வாரம் கரும்பலகை மட்டுமே உள்ள வகுப்பிற்கு அனுப்பி, இரண்டாம் வாரத்தில் ஸ்மார்ட் போர்டு அறையின் சாவியை அவர் கையிற் கொடுப்பாராக.