முடுக்கம் என்றால் வேகமெடுப்பது மட்டும்தானா?

இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வருவதுண்டு. போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான்.

"முடுக்கம்னா என்னப்பா?"

"திசைவேகம் மாறும் வீதம், சார்." பட்டென்று சொன்னான்.

"வாழப்பாடி டவுன் பஸ் ஒரே வேகத்துல வளைவுல திரும்புது. முள்ளு அசையவே இல்லை. முடுக்கம் உண்டா?"

"இல்லை சார். வேகம்தான் மாறலையே!"

பையனைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டை முடுக்குவது என்றால் நம் ஊரில் விரட்டுவதுதான். ஆகவே முடுக்கம் என்றதும் வேகம் கூடுவது மட்டுமே மனதில் நிற்கிறது. திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறது. அதைத் தாண்டி மனப்பாடம் செய்துவிடுகிறோம். மையநோக்கு முடுக்கம் பாடத்தில் பின்னால் வருகிறது. அதற்குள் நேர்கோட்டுக் கணக்குகளைப் போட்டுப் போட்டு, தப்பான எண்ணம் ஊறிப்போகிறது.

என் கருத்து இதுதான்: பாடத்தைச் சூத்திரத்தில் ஆரம்பிக்காமல் பஸ்ஸில் ஆரம்பிக்க வேண்டும். டிரைவரிடம் ஆக்சிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் என மூன்று இருக்கின்றன. மூன்றுமே முடுக்கம் தருபவைதான். பஸ் கிளம்பினால் பின்னால் சாய்கிறோம், பிரேக் போட்டால் முன்னால் போகிறோம், ஏற்காடு மலைப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பக்கத்து ஆள் மேல் சாய்கிறோம். உடம்புக்குத் தெரிந்ததற்குப் பெயர் வைத்தால் போதும்.

இது மார்க் விஷயம் மட்டுமல்ல. காலையில் பள்ளி நேரத்து பஸ்ஸைப் பாருங்கள், படியில் எத்தனை பிள்ளைகள் தொங்குகிறார்கள்! மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அந்த வேகத்தில் திரும்பினால், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க, முடுக்கம் 5 மீட்டர்/நொடி². 50 கிலோ எடையுள்ள பையனையும் பஸ்ஸோடு சேர்த்துத் திருப்ப 250 நியூட்டன் விசை வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிற அளவு அது. பஸ்ஸின் படி இடப்பக்கம் இருக்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உள்ளே சாய்ந்துகொள்ள ஆளோ சுவரோ கிடையாது; காலின் பிடிமானம் போக மிச்சத்தைக் கம்பியைப் பிடித்த கைதான் தர வேண்டும். அதே வளைவில் டிரைவர் 50-ல் திரும்பினால் கிட்டத்தட்ட இரண்டு சிப்பம்!

இந்தக் கணக்கை அந்தப் பையனையே போட வைத்தேன். போட்டு முடித்துவிட்டு, "நான் படியிலதான் சார் வருவேன்" என்றான். இனி வரமாட்டான் என்று நம்புகிறேன்.

ஆசிரியர் நண்பர்களே, படியில் தொங்காதே என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டோம். ஒரு முறை கணக்காகவும் போட்டுக் காட்டுவோமே.