ரோந்து வண்டிக் கதவுக்கும் கவசம் வேண்டும்!

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி இரவு. மும்பை காமா ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்து. ஒரு டொயோட்டா குவாலிஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏழு போலீசார். தீவிரவாதத் தடுப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்கரே, கூடுதல் கமிஷனர் அசோக் காம்தே, இன்ஸ்பெக்டர் விஜய் சலாஸ்கர், கூட நான்கு கான்ஸ்டபிள்கள்.

மறைந்து நின்ற அஜ்மல் கசாப்பும் இஸ்மாயில் கானும் ஏ.கே.47 துப்பாக்கிகளால் சரமாரியாகச் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் திருப்பிச் சுட்டதில் கசாப்பின் கையில் காயம். ஆனால் வண்டிக்குள் ஆறு பேர் பிணமானார்கள். ஒரே ஒரு கான்ஸ்டபிள் குற்றுயிராகப் பிழைத்தார். கொலைகாரர்கள் அதிகாரிகளின் உடல்களைக் கீழே தள்ளிவிட்டு, அதே போலீஸ் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றினார்கள். என்ன கொடுமை!

மாநகரத்தின் பெரிய பெரிய போலீஸ் அதிகாரிகள் போன வண்டி அது. கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற வண்டிக்கும் அதற்கும் கதவில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை.

சினிமாக் கதவு

சினிமாவில் கதாநாயகன் கார்க் கதவைத் திறந்து அதன் பின்னால் பதுங்கிச் சுடுவான். குண்டு "டிங்" என்று தெறித்துப் போகும். கொட்டகையில் விசில் பறக்கும். நிஜத்தில் அந்தக் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிப்புகூட இருக்காது. கைத்துப்பாக்கிக் குண்டே சாதாரணமாக உள்ளே வந்துவிடும். ஏ.கே.47 குண்டு விநாடிக்கு சுமார் 700 மீட்டர் வேகத்தில் வருவது. அதற்குக் கார்க் கதவு அப்பளம் மாதிரி. வண்டியில் ஒளிய இடம் என்றால் என்ஜின் பக்கம்தான்.

பிரதமருக்கும் முதல்-மந்திரிகளுக்கும் குண்டு துளைக்காத கார் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் அப்படி ஒரு கார் கோடி ரூபாய்க் கணக்கில் போகும். எடை டன் கணக்கு. ஒவ்வொரு போலீஸ் நிலையத்துக்கும் ஒன்று கொடுங்கள் என்று கேட்பது நடக்காத காரியம். கேட்கவும் வேண்டாம்.

கேட்க வேண்டியது வேறு. கழற்றி மாட்டுகிற கவசம்!

கதவின் உள்பக்கம் போல்ட் போட்டு முடுக்குகிற பலகை இது. எஃகிலும் செய்யலாம், கெவ்லார் போன்ற நாரை அடுக்கடுக்காக அழுத்தியும் செய்யலாம். வண்டி பழசாகி ஏலத்துக்குப் போனால் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதே மாதிரி அடுத்த வண்டியில் மாட்டிக்கொள்ளலாம். ஆபத்து இல்லாத நாளில் கழற்றி வைத்தால் பெட்ரோல், டீசல் மிச்சம்.

நியூயார்க் கற்ற பாடம்

2014-ம் ஆண்டு டிசம்பர் 20-ந்தேதி நியூயார்க் நகரம் புரூக்ளினில், ரோந்து காரில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களை ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றான். குண்டு வந்தது ஜன்னல் வழியாக. அதன்பிறகு அந்த ஊர் ரோந்து கார்களின் கதவுகளில் குண்டு தடுக்கும் பலகை மாட்ட ஆரம்பித்தார்கள். ஜன்னல்களுக்கும் தடுப்பு வந்தது. பிறகும் விடவில்லை. 2017 ஜூலையில் பிராங்க்ஸ் பகுதியில் நின்ற ஒரு போலீஸ் வேனுக்குள் இருந்த பெண் போலீசை ஜன்னல் வழியாகவே சுட்டுக் கொன்றான் இன்னொருவன். அந்த வேனில் தடுப்பு இல்லை. எந்த வண்டியை விட்டுவைத்தார்களோ, அந்த வண்டியில் உயிர் போனது!

ராணுவத்திலும் இதே கதைதான். ஈராக் சண்டைக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கள் ஹம்வீ ஜீப்புகளுக்குக் குப்பைமேட்டில் பழைய இரும்பு பொறுக்கி அடித்துக்கொண்டார்கள். 2004 டிசம்பர் 8-ந்தேதி குவைத்தில் ஒரு சிப்பாய் எழுந்து, ராணுவ மந்திரி ரம்ஸ்பெல்டின் முகத்துக்கு நேராகவே "ஏன் இந்த நிலை?" என்று கேட்டார். கூடியிருந்த சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். உலகப் பணக்கார ராணுவத்தின் லட்சணம் அது!

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. தீவிரவாதம் தலைவிரித்தாடிய நாட்களில் பஞ்சாப் போலீசார் டிராக்டருக்கே கவசம் போட்டுக் கரும்புக்காட்டுக்குள் புகுந்து தேடினார்கள். டிராக்டருக்கு முடிந்தது ஜீப்புக்கு முடியாதா?

எடைதான் வில்லன்

இதில் ஏமாறவும் கூடாது. கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கிற பலகை வேறு, ஏ.கே.47 குண்டைத் தடுக்கிற பலகை வேறு. முன்னதை மாட்டிவிட்டு "குண்டு துளைக்காத வண்டி" என்று போர்டு எழுதினால் அது உள்ளே இருப்பவனுக்குச் செய்கிற துரோகம். மும்பையில் வந்தது இரண்டாவது ரகம். அவ்வளவு கிட்டத்தில் சுட்டதைக் கவசம் தடுத்து ஆறு பேரையும் காப்பாற்றியிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வண்டியை ரிவர்சில் எடுக்கச் சில விநாடி கிடைத்திருக்கலாம். அந்தச் சில விநாடிக்குத்தான் இவ்வளவு பேச்சு.

ஏ.கே. குண்டுக்கு சுமார் ஆறரை மில்லிமீட்டர் கவச எஃகு வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ. கதவுக்கு அரை சதுர மீட்டர் என்று வைத்தால் நான்கு கதவுக்கு நூறு கிலோ. இரண்டு ஆள் பாரம்கூட இல்லை. பிரச்சினை கண்ணாடியில்தான். அந்தக் குண்டுக்குத் தாங்கும் கண்ணாடி 40 மில்லிமீட்டரை நெருங்கும். ஏற்றி இறக்க முடியாது. வெயிலில் உள்ளே வெந்து சாக வேண்டியதுதான். ஏ.சி. இல்லாத வண்டிக்கு அதை மாட்டினால் மறுநாளே கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

பாரம் ஏறினால் கதவுக் கீல் தொங்கும், பிரேக் பிடிக்க நேரமாகும். ஹம்வீக்கள் கவசப் பாரத்தால் குடைசாய்ந்தன. கதவு நெரிந்து உள்ளே சிக்கியவர்களும் உண்டு. ஆகவே பலகையோடு ஸ்பிரிங்கும் மாற வேண்டும், டிரைவருக்குப் பயிற்சியும் வேண்டும்.

போலீசுக்கு வண்டி வாங்கும் மாநில அரசுகள் இனி டெண்டரிலேயே இதைச் சேர்க்கட்டும். பலகை மாட்டும் துளையும் சட்டமும் வண்டி வரும்போதே இருக்கட்டும். எல்லைப்புற ஸ்டேஷன், இரவு ரோந்து, பெரிய ரயில் நிலையம் ஆகியவற்றுக்கு முதலில் கொடுக்கட்டும். வருகிற சரக்கில் ஒன்றிரண்டு பலகையை எடுத்து, அதிகாரிகள் முன்னிலையில் சுட்டுப் பார்த்த பிறகே பில் பாஸ் ஆக வேண்டும். நார்ப் பலகை ஈரத்திலும் வெயிலிலும் வலுவிழக்கும். ஆகவே மாட்டிய தேதி, மாற்ற வேண்டிய தேதி இரண்டையும் வண்டியின் லாக் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். டயர் மாற்றிய தேதியை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.